ராக்காயிக்குக் கண் திறந்த நாள்

இருளாயி கோபக்காரி. ஈப்போவிலிருந்து கம்பார் போகும் சாலையில், சுண்ணாம்பு மலைக்கு அடியில் கிடந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இதை அறியாதவர் கிடையாது. காலையில் பால்மரம் சீவுவாள். வேலை முடிந்ததும் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு கூலிகளின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய், தேய்ந்த அம்மிகளையும் ஆட்டுக்கல்லையும் கொத்திக் கொடுப்பாள். அது அவள் பிறந்த வீட்டுத் தொழில். உளி விழுகிற சத்தத்தைக் கேட்டே, இன்றைக்கு அக்காளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று பெண்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் கத்தித் தீர்ப்பாள். தங்கை ராக்காயி செத்த பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயங்கரமாக இருந்தது.

ரப்பர் விலை விழுந்து எழுந்துகொண்டிருந்த காலம் அது. ராக்காயி நிறைமாசம். மேட்டுக்காட்டில் மரம் சீவ முடியவில்லை, புல் வெட்டப் போகிறேன் என்று அப்பாவு கங்காணியிடம் கெஞ்சினாள். ஆள் பிடித்துக் கப்பலேற்றி வந்தவன் அவன்தான். ஊரில் அவள் தாய் கையைப் பிடித்து, உன் மகள்கள் எனக்கும் மகள்கள் என்று சொன்னவனும் அவன்தான். அவனோ, பிள்ளை பெறுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, மரம் யார் சீவுவது என்று கேட்டு அவளை மேட்டுக்கே அனுப்பினான்.

முந்தின இரவு பெய்த மழையில் சரிவு வழுக்கியது. இரண்டு வாளிப் பாலை, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு இறங்கியவள் கால் இடறி உருண்டாள். ஒரு வாளி கவிழ்ந்தது. மற்றது சாய்ந்து நின்றது. கங்காணி ஓடிவந்தான். வந்தவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

"அந்த வாளியத் தூக்குங்கடி. மிச்சப் பாலாச்சும் தேறட்டும்."

பாலைத் தூக்கினார்கள். அப்புறம்தான் பெண்ணைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மாட்டு வண்டியில், அக்காள் மடியில் ராக்காயி கண்ணைத் திறந்தபடியே அடங்கிப்போனாள். வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று. லயத்துப் படியில் வழுக்கி விழுந்தாள் என்று கங்காணி துரையிடம் சொன்னான். மேட்டில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இருளாயிக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தங்கையின் முகத்துக்கு நேரே கங்காணி ஒருதரம் நிற்க வேண்டும். நின்று, நான்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காக அவள் உயிர் வாழ்ந்தாள் என்றே சொல்லலாம்.

அவள் புருஷன் மாயாண்டி வண்டிக்காரன். நல்லவன், பயந்தவன். மலையடிவாரத்தில் உருண்டு கிடந்த வெள்ளைக் கல் ஒன்றை வண்டியில் ஏற்றிவரச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இறக்கிப் போட்டான்.

சின்ன வயதில் அவள் அப்பன், கோயில் மடப்பள்ளிக் கல்லுகளைக் கொத்தப் போகும்போது அவளையும் கூட்டிப்போவான். அவன் வேலை முடியும்வரை அவள் வெளிமண்டபத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஒவ்வொரு தூணிலும் ஒரு கல் பெண். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, ஒரு காலை மடக்கி, கையில் பூவோ கிளியோ வைத்துக்கொண்டு நிற்பாள். இருளாயி தென்னை ஈர்க்கை வைத்து முகத்தை அளப்பாள். அந்த அளவை வைத்து நெஞ்சு, வயிறு, தொடை என்று இறங்கிவருவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை அதை மறக்கவும் இல்லை.

இப்போது ரப்பர் தோட்டத்தில் தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோயில் தூணில் நின்ற அதே நிலைதான். அதே ஒடிந்த இடுப்பு, அதே மடங்கிய கால். ஆனால் பூ இருந்த கையில் பால்மரம் சீவும் கத்தி. இன்னொரு கையில் வாளி. வயிறு நிறைமாச வயிறு. அம்மிக் கல்லைப்போல இந்தக் கல் முரண்டு பிடிக்கவில்லை. வெண்ணெய்போல இளகிக் கொடுத்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறாயே என்று கல்லைத் திட்டினாள்.

எல்லாம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதுவும் சிலை நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகுதான். இந்தச் சிலை எங்கே நிற்கும்? கொட்டகைக்குப் பின்னால், மாட்டுச் சாணியைப் பார்த்துக்கொண்டா? உளியை இமைமேல் வைப்பாள். எடுத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவு கங்காணி மாரியம்மன் கோயில் கட்டி முடித்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த அம்மன், பினாங்குத் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தபோது கை உடைந்து கிடந்தாள். பின்னமான சிலையை வைக்க முடியாது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. துரை வருவதாகச் சொல்லிவிட்டார். லயத்தில் பெண்கள் சிரித்தார்கள்.

"கங்காணி சாமி கொண்டாரேன்னு போயி, கை ஒடிஞ்ச பொம்பளையில்ல இட்டாந்திருக்காரு" என்றாள் முத்தம்மா. அவள் ராக்காயிக்குப் பக்கத்து நிரையில் மரம் சீவியவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

யார் சொன்னார்களோ, ஒரு நாள் சாயங்காலம் கங்காணியே கொட்டகைக்கு வந்தான். கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு. மாயாண்டி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினான். கங்காணி கல்லைச் சுற்றி வந்தான். முன்னால் நின்றான். குனிந்து முகத்தைப் பார்த்தான்.

இதோ, நிற்கிறான். இப்போது தெரியும். இப்போது முகம் வெளுக்கும்.

"அச்சு அசல் நம்மூரு கோயில் செலையாட்டமே இருக்கு" என்றான். "யாரப் பாத்துச் செஞ்ச?"

அவனுக்குத் தெரியவில்லை.

கொன்றவனுக்கு, கொன்ற முகம் ஞாபகம் இல்லை. இருளாயியின் நெற்றி நரம்பு புடைத்தது. கையில் இருந்த சுத்தியை அவள் எப்படிக் கீழே வைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். கத்தியைச் சூலமாக்கிவிடு, வாளியைக் கபாலமாக்கிவிடு என்றான். நீ இன்ன சாதி என்று வெளியே தெரியவேண்டாம், பண்டாரத்தை வைத்துத் தீட்டுக் கழித்துக்கொள்கிறேன் என்றான். தட்சணையாகப் புதுச்சேலை வாங்கித் தருவதாகவும் சொன்னான்.

மாயாண்டி அவள் முகத்தைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றான். வேண்டாம் என்று சொல்லிவிடாதே என்று அவன் கண் கெஞ்சியது.

"எடுத்துட்டுப் போங்க கங்காணி" என்றாள் இருளாயி. "ஆனா கல்லுல கைவைக்கக் கூடாது. பட்ட சாத்தி மறச்சுக்குங்க. கண்ண நாந்தான் தொறப்பேன். அது கோயில்ல வச்சுத்தான்."

செய்தவர்தான் கண் திறக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரிந்த வழக்கம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் போனபின் மாயாண்டி அழுதான். தங்கச்சியைத் தூக்கி அவன் கோயிலிலேயே வைக்கிறாயே, உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டான். இருளாயி உளியைச் சாணையில் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கும்பாபிஷேகத்தன்று காலையில் தோட்டமே திரண்டது. துரை நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேளம் கொட்டியது. மஞ்சள் பட்டில் கழுத்துவரை மூடப்பட்டு, மாலைக்குள் முகம் பாதி மறைந்து, சிலை பீடத்தில் நின்றது. கண் திறக்கும் நேரத்தில் முதல் பார்வை மனுஷர்மேல் விழக்கூடாது. அந்தப் பார்வைக்கு அவ்வளவு உக்கிரம், தாங்க முடியாது, மனசில் கறை உள்ளவனை எரித்துவிடும் என்பார்கள். அதனால் பண்டாரம் நிலைக்கண்ணாடி ஒன்றை எதிரே வைத்திருந்தார். அதற்குப் பின்னால் கன்றோடு பசுவைக் கட்டியிருந்தார்கள். சனங்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

இருளாயி உளியும் சுத்தியுமாகப் பீடத்துக்கு ஏறினாள். முதலில் மாலையைக் கழற்றினாள். பிறகு பட்டை உருவிப் போட்டாள். பண்டாரம் தடுக்க வருவதற்குள் அது காலடியில் கிடந்தது.

வாளி தெரிந்தது. கத்தி தெரிந்தது. வயிறு தெரிந்தது.

மேளம் தானாக ஓய்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், அழுகையா பேச்சா என்று தெரியாத குரல் வந்தது.

"ஐயோ, இது நம்ம ராக்காயி."

முத்தம்மாவின் குரல் அது. அந்தப் பெயரைக் கேட்டதும் கங்காணி திடுக்கிட்டுச் சிலையைப் பார்த்தான். இந்தத் தடவை தெரிந்துவிட்டது. அவன் பிரம்பு பிடித்த கை கீழே இறங்கியது.

இருளாயி பீடத்திலிருந்து கையை நீட்டினாள்.

"அந்தக் கண்ணாடிய எடுங்க. பசுவ அவுத்துவிடுங்க. கோயில் கட்டுன மகராசன் இருக்கையில பசுவுக்கு என்ன வேல? கங்காணி, முன்னால வந்து நில்லுங்க. மொத பார்வ உங்களுக்குத்தான்."

"என்னடி பேசுற?"

"மடியில கனமில்லன்னா வந்து நில்லுங்க. வாளிய மொதல்ல தூக்கச் சொன்னீங்களே, அந்த எடத்துல எப்படி நின்னீங்களோ, அப்படியே வந்து நில்லுங்க."

ஒரு கை கண்ணாடியை எடுத்தது. இன்னொரு கை பசுவை அவிழ்த்தது. யார் என்று யாரும் பார்க்கவில்லை. சிலைக்கு எதிரே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம் கிடந்தது. எல்லாக் கண்ணும் கங்காணிமேல் இருந்தது. துரையும் எழுந்து, என்ன விஷயம் என்று கணக்கெழுதும் கிராணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கங்காணி சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியது. ஓரடி எடுத்து வைத்தான். இருளாயி உளியைச் சிலையின் இமைமேல் வைத்து சுத்தியை ஓங்கினாள். அவ்வளவுதான். அவன் பின்னால் நகர்ந்தான். தூணில் இடித்துக்கொண்டு, அந்தத் தூணுக்குப் பின்னாலேயே ஒதுங்கினான். நூறு பேரை விரலசைவில் ஆட்டிவைத்தவன், ஒரு கல் பெண்ணின் கண்ணுக்கு எட்டாமல் ஒளிந்து நின்றான்.

நான்தான் என்று அவன் ஒளிந்த இடமே சொல்லிவிட்டது.

ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை. இருளாயி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அத்தனை நாள் அடக்கிவைத்தது அப்போதுதான் வெடித்தது.

"நீங்க மட்டும் யாரு? அன்னிக்கு மேட்டுல நின்னவங்கதானே? ஒருத்தருக்காச்சும் வாய் இருந்துச்சா? வந்து நில்லுங்களேன், பாப்போம்."

யாரும் அசையவில்லை. பிறகு முத்தம்மா வந்தாள். வாய்த்துடுக்குக்காரி, தலைமுடி அவிழ்ந்து கிடக்க, அந்த வெற்றிடத்தில் வந்து நின்றாள்.

"என்னயப் பாக்கட்டும் அக்கா" என்றாள். "அந்த வாளியத் தூக்குனவ நாந்தான். அவ என் காலப் புடிச்சா. நான் வாளியத் தூக்குனேன். எரிச்சா எரிக்கட்டும்."

இருளாயி அவளை வெகுநேரம் பார்த்தாள். மன்னிக்கவில்லை. மன்னிக்கிற பார்வை அல்ல அது. ஆனால் உளியை மறுபடி இமைமேல் வைத்தாள். நாலைந்து தட்டு. வெள்ளைப் பொடி கன்னத்தில் உதிர்ந்தது. ஒரு கண், பிறகு மற்றது. வண்டியில் மடியில் கிடந்தபோது திறந்திருந்த அதே கண்.

முத்தம்மா எரிந்துபோகவில்லை. அப்படியே மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்துக் கதறினாள். அதன்பின் ஒருவர் பின் ஒருவராக, மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். தூணுக்குப் பின்னால் இருந்தவன் மட்டும் வரவில்லை.

"இவன் கோயில்ல இவ இருக்க வேணாம்" என்றாள் இருளாயி. "தூக்குங்க."

சிலையைச் சுமக்க முதலில் வந்து கம்பைக் கொடுத்தவன் மாயாண்டி. பயந்தவன் தோள் கொடுத்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. பெரட்டுக் களத்துக்கு, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் அந்தத் திடலுக்குத் தூக்கிப்போனார்கள். கங்காணி வழக்கமாக நின்று பெயர் கூப்பிடும் கல்லுக்கு நேர் எதிரே இறக்கினார்கள். கூலிகளின் சாமி எங்கே நின்றால் என்ன என்று நினைத்தாரோ, கிராணி சொன்னதில் ஏதாவது காதில் விழுந்ததோ, துரை அதில் தலையிடவில்லை.

மறுநாள் விடியலில் பெரட்டு நடந்தது. அப்பாவு கங்காணி தன் கல்லில் ஏறவில்லை. திடலின் ஓரத்துக்குப் போய், முகத்தை லயத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு பெயர் கூப்பிட்டான். அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டான்.

இருளாயியின் பெயர் வந்தது. ராக்காயியின் பக்கத்தில் நின்றுகொண்டு, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அவள் குரல் கொடுத்தாள்.

"இருக்கோம்."