கொழுந்தன் நிலத்து வெங்காயம்

எங்கள் ஊர்க்காரர்கள் ஆற்றை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். வெளியூர்க்காரன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சண்டைக்குப் போவார்கள். வெள்ளத்துக்குப் பயந்து ஒரு காலத்தில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்களாம். பிறகு நிலத்துக்கு நடந்து போகக் கால் வலிக்கிறது என்று வீடு வீடாகக் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். வெள்ளம் வடிந்தால் வண்டல் தங்கும், வண்டலில் எது போட்டாலும் விளையும். ஆகவே ஆறு பெருகினாலும் புலம்பல், பெருகாவிட்டாலும் புலம்பல்.

இந்தக் குணம் அத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது என்றால் அது வக்கீலம்மாவிடம்தான். அவர் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. பட்டம் வாயால் வந்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களிலும் அதிகம் பேசமாட்டார். கேட்டால், "ரெண்டு பேரும் பேசினா அப்புறம் யாரு கேக்கறது?" என்பார்.

வக்கீலம்மாவின் நிலத்துக்கு அடுத்தது கொழுந்தனின் நிலம், வீட்டுக்கு அடுத்ததும் கொழுந்தனின் வீடு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ஊரில் அதற்கு வாயை மூடிக்கொள்வது என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டியதை இவர் துவைக்கிற கல்லிடம் சொல்வார், அவர் தன் பசுமாட்டிடம் சொல்வார். சேர வேண்டியவருக்குச் சேர்ந்துவிடும்.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்தபோது முழங்கால் உயரத்துக்கு வண்டல். வரப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பகைகள் மட்டும் நனையாமல் பத்திரமாக இருந்தன. பலருக்கு விதையும் ஆற்றோடு போயிற்று. வக்கீலம்மா முன்யோசனைக்காரர், விதை வெங்காயத்தைக் கொத்துக் கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். ஊரில் தப்பித்த விதை வெங்காயம் அது மட்டும்தான்.

வரப்பு போனால் கரண்ட் கம்பத்திலிருந்து எண்ணித் தன் நிலத்தைக் கண்டுபிடிப்பது கரையோரத்தார் வழக்கம். கம்பமும் அந்த வெள்ளத்தில் சாய்ந்திருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து, தரை கெட்டியாக இருந்த இடத்தில், ஒரு நிலம் தள்ளிப் புதுக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். இது டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும். வக்கீலம்மா டீக்கடைக்குப் போகிறவரில்லை. கம்பத்திலிருந்து எண்ணினார், ஆள் வைத்து நட்டார், தண்ணீர் பாய்ச்சினார். பக்கத்தில் ஒரு நிலம் தரிசாகக் கிடந்ததைப் பார்த்து, "சோம்பேறிக்கு நிலம் எதுக்கு?" என்று வீட்டுக்கு வந்து துவைக்கிற கல்லிடம் உரக்கக் கேட்கவும் செய்தார்.

வெங்காயத் தாள் சாய்ந்து, பிடுங்குகிற பருவம் வந்தது. டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என்ன வக்கீலம்மா, கொழுந்தன் நிலத்துல வெங்காயம் பிரமாதமா வந்திருக்கே! சமாதானம் ஆயிட்டீங்களா?"

"யார் நிலத்துல?"

"கம்பம் இடம் மாறிப்போச்சு. மதகுல இருந்து எண்ணிப் பாருங்க."

எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்புறம் வெங்காயத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பயிர் போகுமே என்ற பயம் ஒரு பக்கம், விதையும் சேர்ந்து போகுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இதைவிடப் பெரிய சிக்கல், எதிர்க்கட்சி வாதத்தை அவரே எப்போதோ ஜெயித்துக் கொடுத்திருந்தார். சண்டை ஆரம்பித்ததே ஒரு பூசணிக் கொடியில். கொழுந்தன் போட்ட கொடி வரப்பைத் தாண்டி இவர் பக்கம் வந்து காய்த்தது. இவர் காய்களை அறுத்துக்கொண்டு, ஊர் கூடி நிற்க, "மண்ணு யாருதோ காயும் அவங்களுதுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஊருக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போய், அன்று முதல் அதுவே சட்டம்.

சாயங்காலம் கொழுந்தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா வேலியோரம் போய் நின்று மாட்டைப் பார்த்துச் சொன்னார்:

"ஏண்டி, நான் நட்டப்போ உங்க ஐயா மரத்தடியில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு? விளையட்டும்னு காத்திருந்தாரா?"

கொழுந்தனும் மாட்டிடமே சொன்னார். "சொல்லத்தான் வாயெடுத்தேன்னு சொல்லு. இத்தனை வருஷம் பேசாத வாய், சட்டுனு வரல. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அதுக்குள்ள முளைச்சிருச்சு."

"அப்போ என் நிலத்தைத் தரிசாப் போட்டதுக்குப் பதிலா அந்த மனுஷன் ஏதாவது விதைச்சிருக்கலாமே?"

"விதைக்கு எங்கே போறது? எல்லாத்தையும் ஆறு வாரிக்கிட்டுப் போயிருச்சு. அதோட, இன்னொருத்தர் மண்ணுல கை வெக்க எனக்கென்ன கிறுக்கா? சட்டம்தான் இருக்கே."

மாடு தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தது. நடுவில் இப்போது யாரும் இல்லை. வக்கீலம்மா வேறு வழியில்லாமல் கொழுந்தனின் முகத்தைப் பார்த்தார்.

"காய் உங்களுது," என்றார். "நான் சொன்னதை நானே மாத்த மாட்டேன். விதைக்கு ஒரு பாத்தி மட்டும் குடுத்துருங்க. அது போனா எனக்கு வேற இல்ல."

கொழுந்தன் கொஞ்ச நேரம் வாளியை ஆட்டிக்கொண்டிருந்தார். "பாத்தி எதுக்கு அண்ணி? சரிபாதியாப் போட்டுக்கலாம். விதை உங்களுது, மண்ணு என்னுது. ஆனா ஒண்ணு, பூசணிக்காய் விஷயத்துல நீங்க பண்ணினது அநியாயம்."

"அநியாயம்தான்," என்றார் வக்கீலம்மா. தோற்றதாக அவர் வாயால் வந்த ஒரே தடவை அது. கேட்டது அண்டைவீட்டு வேலியோரம் நின்ற நான் மட்டும்தான் என்பதால் ஊர் இன்னும் முழுசாக நம்பவில்லை.

மறுநாள் காலை இரண்டு வீட்டாரும் ஒரே நிலத்தில் இறங்கினார்கள். வக்கீலம்மா பிடுங்கிப் போட, கொழுந்தன் மண்ணை உதறிக் கொத்தாகக் கட்டினார். முடிச்சு சரியில்லை என்று அண்ணி சொன்னார். பிடுங்கும்போது தாள் அறுகிறது என்று கொழுந்தன் சொன்னார். லாரியிலிருந்து இறங்கி வந்த புருஷன், சரிபாதியாகப் பிரித்த இரண்டு குவியலுக்கும் நடுவில் சாக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து முதலில் நிரப்புவது என்று தெரியாமல் நின்றார்.