ஹாலோ பிளாக் மேல் நின்ற பக்கி

1. ஆயில் இல்லாமல் வந்த வண்டி

ஒரு சனிக்கிழமை மதியம் ரகு சார் தன் பக்கியை டெம்போவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மண்ணூர்பேட்டையில் நானும் என் மனைவியின் தம்பி தனசேகரும் சேர்ந்து அந்த மெக்கானிக் ஷெட்டை நடத்தினோம். பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு வரும் ஜீப்பும் வேனும்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

பக்கி என்பது கூரையும் கதவும் இல்லாத வண்டி. இரும்புப் பைப்பை வளைத்துக் கூண்டு போலக் கட்டி, பின்னால் இன்ஜினும் கியர் பாக்ஸும் வைத்திருப்பார்கள். மணலிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் செய்துகொள்வது. ரகு சாருக்கு எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு செய்யும் சின்ன கம்பெனி. மறுநாள் காலை ஆவடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வற்றிய ஒரு ஏரியில் பந்தயம். அதற்குத்தான் அவசரம்.

"கியர் ஆயில் மாத்தணும். பழசை நானே வீட்ல டிரெயின் பண்ணிட்டேன், உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். மேல இருக்கற பிளக் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார்.

கியர் பாக்ஸில் இரண்டு பிளக் இருக்கும். அடியில் இருப்பது டிரெயின் பிளக், பழைய ஆயிலை இறக்க. பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஃபில்லர் பிளக், புது ஆயில் ஊற்ற. மேலே உள்ளது கழலுகிறதா என்று பார்த்த பிறகுதான் கீழே உள்ளதைத் தொட வேண்டும். இவர் கீழே இறக்கிவிட்டார், மேலே திறக்கவில்லை. இனி அந்தப் பிளக் கழலாமல் வண்டியை ஓட்டவே முடியாது.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்கின் தலையில் அலன் கீ போடும் ஆறு மூலைக் குழி தேய்ந்து வட்டமாகியிருந்தது. பிளக் இரும்பு, பாக்ஸ் அலுமினியம். முரட்டுத்தனம் காட்டினால் பாக்ஸ் விரிசல் விடும்.

ரகு சார் அந்தப் பக்கம் போனதும் தனசேகர் என் காதருகே வந்தான். "இன்னா மாமா, ஊருக்கெல்லாம் நட்டு போல்ட்டு பண்றவரு. அவரு வண்டி நட்டு அவருக்கே கழலல போல கீது."

"வாய மூடு மச்சான். சார் காதுல உழப்போகுது."

2. 'டப்' என்ற சத்தம்

அன்று கிருத்திகை. திருத்தணி முருகனுக்காக நான் காலையிலிருந்து பால் மட்டும் குடித்துவிட்டு இருந்தேன். அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே ஓட்டையுள்ள சிமெண்ட் கல், அடுக்கி, ஜாக்கியை எடுத்துவிட்டோம். ஷெட்டின் சுவர் கட்டியபோது மிஞ்சிய கற்கள் அவை. அந்தப் பக்கத்தில் எல்லா ஷெட்டிலும் இப்படித்தான் செய்தார்கள். நாங்களும் வருஷக்கணக்காகச் செய்தோம். பின் சக்கரம் இரண்டையும் கழற்றினோம். ஒன்றைச் சுவரில் சாய்த்தோம். இன்னொன்றை வைக்க இடம் இல்லை. தனசேகர் அதைப் படுக்கப்போட்டு, காலால் வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

பிளக் உள்பக்கமாக இருந்ததால் அடியில் படுத்தால்தான் கை எட்டும். நான் படுத்தேன். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். ஒரு சைஸ் பெரிய அலன் கீயைத் தேய்த்துக் குழிக்குள் அடித்து இறக்கினேன். கீயின் நீளக் காலில் பைப்பைச் சொருகி மறுமுனையை வெளியே நீட்டினேன். கீ நழுவாமல் நான் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க, தனசேகர் வெளியே நின்று பைப்பை இழுக்க வேண்டும்.

முதல் இழுப்புக்கு ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் என் முகத்துக்கு மேலே கூண்டு லேசாக நகர்ந்தது.

"மச்சான், வண்டி ஆடுது."

"இழுத்தா ஆடாம இன்னா பண்ணும்? கெட்டியா புட்சிக்கோ மாமா, இன்னும் ஒரே தம்மு."

அவன் சுவரில் காலை உதைத்து இழுத்தான். 'டப்' என்று ஒரு சத்தம்.

"கழண்டுச்சு மாமா!" என்று தனசேகர் சந்தோஷமாகக் கத்தினான்.

கழன்றது பிளக் இல்லை. ஹாலோ பிளாக் உடைந்த சத்தம் அது. அவன் கத்தி முடிப்பதற்குள் கூண்டு என் மேல் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகா என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது பைப் ஒன்று என் பனியனைத் தொட்டபடி நின்றிருந்தது. வண்டியின் பாரம் முழுவதும் என் தோளுக்குப் பக்கத்தில் கிடந்த அந்தச் சக்கரத்தின் மேல் இருந்தது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. இழுத்தால் நெஞ்சு இரும்பில் இடித்தது.

"மாமா! பேசு மாமா! அண்ணாத்தே, யாராச்சும் வாங்களேன்!" தனசேகர் தெருவுக்கு ஓடினான். டீக்கடையில் நின்றவர்கள் வந்து வண்டியைத் தூக்கி, என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தோலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தனசேகருக்கு டீ கொடுத்தார்கள். அவன் அதைக் குடிக்காமல் என் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

3. மல்லிகா கேட்டது

வீட்டுக்குப் போனதும் தனசேகர் அக்காவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னான். என் மனைவி மல்லிகா விளக்கேற்றி, எங்கள் இருவர் நெற்றியிலும் விபூதி பூசினாள். என்னைவிடச் சாமி மேல் பிடிப்புள்ளவள் அவள்.

"கிருத்திகை விரதம்தான் காப்பாத்திச்சு. முருகனே வந்து தாங்கிப் புட்ச்சாரு. அடுத்த கிருத்திகைக்கு திருத்தணிக்கு பால்குடம் எடுக்கிறேன்" என்றேன்.

"எடு. எடுக்கத்தான் வேணும்" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "டயர உள்ள தள்னது யாரு?"

"நான்தான்க்கா."

"எதுக்குத் தள்ன? வண்டி உழுந்தா தாங்கும்னா?"

"இல்லக்கா. வெக்கிறதுக்கு எடம் இல்ல."

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு எடம் இல்லாத்தால உயிரோட வந்து குந்தினுகீற. நாளிக்கு ஷெட்ல எடம் இருந்தா?"

நான் நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஓட்டக்கல்லு மேல வண்டிய நிறுத்திட்டு நீ அடியில போய்ப் படுத்துக்குவ. அத்தத் தாங்கினு நிக்கிறதுதான் முருகனுக்கு வேலையா? அவருக்கு இன்னா, நீ கூலி குடுக்கறியா?" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

4. பிளக் கழன்ற விதம்

ஞாயிறு விடிந்ததும் ரகு சார் ஹெல்மெட்டோடு வந்துவிட்டார்.

"இன்னிக்கு ஆகாது சார்" என்றேன்.

"ஒரு பிளக் கழட்ட ரெண்டு நாளா? இதை நம்பிப் பேர் குடுத்துட்டு வந்திருக்கேன். முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போறேன்."

"தாராளமா போங்க சார். அங்க அடியில பூந்து வேலை செய்றவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும். கல்லு மேல நிறுத்த வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. தனசேகர் உடைந்த பிளாக்கையும், கூண்டு இறங்கிப் பதிந்த டயரையும் காட்டினான். நான் படுத்திருந்த இடத்தையும் காட்டினான். ரகு சார் குனிந்து அந்த இடைவெளிக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாடிக்கை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை அவருடைய கம்பெனி டெம்போவில் கனமான பைப்பும் தகடும் வந்து இறங்கின. வெல்டரை வரவழைத்து மூன்று கால் வைத்த ஸ்டாண்டு நான்கு செய்தோம். பக்கியை அதன்மேல் நிறுத்தி, நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. சக்கரத்தையும் அடியில் போட்டேன், இந்தத் தடவை தெரிந்தே.

பேட்டரி ஒயரைக் கழற்றினோம். உள்ளே ஆவி அடைபடாமல் இருக்க டிரெயின் பிளக்கைத் திறந்தே வைத்தோம். வெல்டர் அந்தத் தேய்ந்த பிளக்கின் தலைமேல் ஒரு பெரிய நட்டை வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சூடு பிளக்கின் திருகு மரை வரைக்கும் இறங்கியது. கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பானரைப் போட்டேன். நேராகக் கழற்றவில்லை. முதலில் ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் அசைத்தேன், பிறகு கழற்றும் பக்கம். 'கிரீச்' என்றது. பைப் இல்லாமல், ஒரே கையால், பிளக் சுற்றிக்கொண்டு வந்தது. மரை முழுக்கக் காய்ந்த ஷெல்லாக் என்ற அரக்குப் பசை. ஆயில் ஒழுகக் கூடாதென்று யாரோ முன்பு தடவி, மூச்சைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள். பாக்ஸின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. புது பிளக் போட்டு ஆயில் ஊற்றினோம்.

"இவ்ளோதானா மாமா?" என்றான் தனசேகர்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் ஃபில்லர் பிளக்கை முதலில் திறந்து பாருங்கள், அப்புறம் டிரெயின் பிளக்கைத் தொடுங்கள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். எனக்கு மல்லிகா சொல்லித் தந்தது வேறு. அடுத்த கிருத்திகைக்குத் திருத்தணி போய்ப் பால்குடம் எடுத்தேன். அதற்குப் பிறகு ஷெட்டை மூடும்வரை, வண்டிக்கு அடியில் போகுமுன் ஒவ்வொரு தடவையும் முருகா என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஸ்டாண்டு வைத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.