முன் சீட்டு ஆத்மநாதன்

புதுக்கோட்டைக்குப் போகிற கரி பஸ் சரளைமேட்டில் வந்து நின்றதும், ஆத்மநாதன் அதன் மட்கார்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அப்புறம்தான் ஏறுவார். பலாப்பழ வியாபாரி. தட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த வெண்கலச் சொம்பைக்கூடத் தட்டிப் பார்த்தவர் என்று கேள்வி.

ஏறியதும் நேராக டிரைவர் நாகராசுவுக்குப் பக்கத்து இடத்தில் போய் உட்காருவார். அங்கே வேறு யாராவது இருந்தால், எழுந்திருக்கிறவரைக்கும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த முன் சீட்டைப் பற்றித்தான் கறம்பக்குடி வெற்றிலைக் கடையிலிருந்து புதுக்கோட்டைக் கோர்ட்டுக் கச்சேரி வாசல்வரை ஒரே பேச்சு. சமஸ்தானச் சட்டசபைத் தேர்தலில் நின்ற மனுஷன், எதிராளியான பஸ் முதலாளி ரெங்கராஜிடம் விலை போய்விட்டாராம். சபை நாற்காலியை விட்டுக்கொடுத்ததற்கு ஆயுசுக்கும் இந்த இடம் இனாமாம். ஒரு பட்டு வேட்டியும் உண்டு என்கிறார்கள். அந்த வேட்டியைக் கண்ணால் கண்டவர் மட்டும் இன்னும் அகப்படவில்லை.

நடந்தது வேறு.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபின், பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டுப் புகைய விட்டுத்தான் வண்டி ஓடுகிறது. சமவெளியில் நன்றாகத்தான் போகும். மேட்டில் நின்றால் மட்டும் மறுபடி கிளம்பாது. சரளைமேடு பேருக்கேற்ற மேடு. ஆகவே அங்கே நிற்கக் கூடாது என்பது ரெங்கராஜின் உத்தரவு. ஊர்க்காரர்கள் கை காட்டுவார்கள். நாகராசுவும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விடுவான்.

தேர்தலுக்கு முந்தின வருஷம் ஆத்மநாதனின் மகள் சொர்ணவல்லிக்குத் தலைப்பிரசவம். வலி கண்ட நேரத்தில் வண்டி நிற்காமல் போயிற்று. மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மறு வருஷம் அவள் மறுபடியும் முழுகாமல் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். மனுப் போட்டுப் பார்த்தார் ஆத்மநாதன். நேரில் போய்க் கேட்டும் பார்த்தார். சட்டசபை மெம்பரும் ரெங்கராஜ்தான், வண்டி முதலாளியும் அவர்தான். வேறு யாரிடம் போவது? தேர்தல் வந்தது. தோப்புக்கு வரி கட்டுகிறவர் என்ற தகுதியில் தானே நின்றுவிட்டார்.

மற்ற வேட்பாளர்கள் தாங்கள் செய்யப்போவதைச் சொல்வார்கள். ஆத்மநாதன், ஓட்டுப் போடுகிறவன் செய்யவேண்டியதைச் சொன்னார்.

"வண்டி நம்ம ஊர்ல நிக்கணும். நின்னா கெளம்பாதுங்கிறாக. நாமதான் தள்ளணும். அம்புட்டுத்தான் நம்ம பேச்சு."

"கம்மாய்க்கு மராமத்து?" என்றார் ஒருவர்.

"அது நமக்குத் தெரியாது."

"பள்ளிக்கூடம்?"

"அதுவுந் தெரியாது. தள்ளுவியா, மாட்டியா? அதச் சொல்லு."

என்ன மாயமோ, இந்தப் பேச்சு ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது. அவர் கூடவே அலைந்த முனியசாமி வெற்றி மாலைக்கு அச்சாரமே கொடுத்துவிட்டான்.

அப்போதுதான் அது நடந்தது. கறம்பக்குடியில் கூட்டம் பேசிவிட்டு, ரெங்கராஜ் தம்முடைய பஸ்ஸிலேயே திரும்பிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே வண்டி சரளைமேட்டில் நின்றது. நின்றதோடு விடாமல் பின்னாலும் உருண்டது. உள்ளே ஒரே கூச்சல். மேட்டோரம் பழச் சுமையோடு நின்றிருந்த ஆத்மநாதன், அதிலிருந்த பெரிய பலாப்பழத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தடியில் போட்டார். பழம் நசுங்கிச் சுளை தெறித்தது. வண்டி ஒரு நொடி தயங்கியது. அதற்குள் முனியசாமி கல்லை முட்டுக் கொடுத்துவிட்டான்.

ரெங்கராஜ் ஜன்னலில் தலை நீட்டினார். "என்னய்யா வேடிக்கை பாக்குறீங்க? ஒரு கை குடுங்கய்யா!"

"ஓட்டு ஒங்களுக்கு, கை மட்டும் நாங்க குடுக்கணுமாக்கும்?" என்றான் முனியசாமி.

"சும்மா இருடா," என்றார் ஆத்மநாதன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். "மொதலாளி, நின்னா கெளம்பாதுன்னீகளே. இப்ப நின்னுருக்கு. நாங்க கெளப்பிக் காட்டுறோம். கெளம்பிருச்சுன்னா நாளையிலருந்து நிறுத்துவீகளா?"

"இது என்னய்யா, நடுரோட்டுல வழிப்பறி?"

"வழிப்பறின்னே வச்சுக்கிடுங்க. எம்மக மாசமா இருக்கா."

ரெங்கராஜ் இறங்கி நின்றார். ஊரே முதுகு கொடுத்தது. வண்டி இருமிற்று, கனைத்தது, உச்சிக்குப் போய் உறுமிற்று. மூச்சு வாங்கிக்கொண்டு நடந்துவந்து ஏறிய ரெங்கராஜ் சொன்னார்: "நாளையிலருந்து நிக்கும். தள்ள ஆள் இல்லேன்னா அன்னையோட சரி."

மறுநாள் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. ஆத்மநாதனுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வேட்புமனுவைத் திரும்ப வாங்கும் கெடு முடிந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் ஜெயித்துவிடுவோமே! தோற்றுப்போன கோபத்தில் ரெங்கராஜ் வண்டியை நிறுத்தாமல் விட்டால்? சொர்ணவல்லிக்கோ நாள் நெருங்கிவிட்டது. மனுஷன் ஓட்டுக் கேட்ட வீட்டுக்கெல்லாம் திரும்பவும் நடந்தார்.

"எனக்குப் போட்றாதீக. மொதலாளிக்கே போடுங்க. நல்லா இருப்பீக."

முனியசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, மாலைக்குச் சொல்லிட்டேன்ண்ணே!"

"அத வண்டிக்குப் போடுடா."

"ஊரு காறித் துப்பும்ண்ணே."

"துப்பட்டும். ஜெயிச்சு அங்கிட்டுப் போயி உக்காந்து என்னடா பேச? பேச வேண்டியத மேட்டுலயே பேசியாச்சு."

தேர்தலன்று விடியும்போதே சொர்ணவல்லிக்கு வலி கண்டுவிட்டது. ஓட்டு உள்ளவன் போடவும், இல்லாதவன் வேடிக்கை பார்க்கவும் ஆண்கள் அத்தனை பேரும் கறம்பக்குடிக்குப் போயிருந்தார்கள். வண்டி வந்து நின்றது. மகளை ஏற்றி, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார் ஆத்மநாதன். நாகராசு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஆம்பளை ஒருத்தரையும் காணமே. மொதலாளி என்ன சொன்னாரு?"

ஆத்மநாதன் மனைவி அழகம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். "ஆம்பளைதான் தள்ளணும்னு சொன்னாராக்கும்? ஏறி உக்காருய்யா, வெளக்கெண்ண!"

களையெடுக்கப் போனவர்கள், தண்ணீருக்கு வந்தவர்கள் என்று பெண்கள் அத்தனை பேரும் கை வைத்தார்கள். வண்டி அன்றைக்கு ஏறிய வேகத்தில் அதுவரை ஏறியதே இல்லை என்று நாகராசு இன்றைக்கும் சொல்லுவான்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகைச் சத்தம் கேட்டதும் ஆத்மநாதன் தூணில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டு எண்ணி முடிந்ததும் சேதி கொண்டுவந்தவன் முனியசாமி. "தோத்துட்டோம்ண்ணே." ஆத்மநாதன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். தன் தோல்விக்குக் கும்பிடு போட்ட வேட்பாளரைச் சமஸ்தானம் அதற்கு முன் கண்டிருக்காது.

அந்தப் பேத்தி இப்போது தவழ்கிறாள். வதந்திதான் எழுந்து ஓடுகிறது. போன வாரம் வண்டியில் வைத்து ஒரு வெற்றிலை வியாபாரி வாய் பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

"ஏண்ணே, ஊரெல்லாம் பேசிக்கிறாகளே. சட்டசபைய மொதலாளிக்கு வித்துட்டுத்தான் இந்த முன் சீட்ட வாங்குனீகளாமே?"

வண்டியே காது கொடுத்தது. ஆத்மநாதன் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"அட போய்யா! பின்னால உக்காந்தா கரிப்பொகையில எனக்கு வாந்தி வரும்யா."

சொல்லிவிட்டு, கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினார். மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.