வெறும் வாய் வாக்கு

“உம்” என்றார் ஞானதுரை அண்ணாச்சி.

கூடை நிறையப் பஞ்சவர்ணம் மாங்காயைக் கொண்டுவந்து இறக்கிய சோழபுரத்து விவசாயிக்கு அந்த ‘உம்’முக்கு என்ன பொருள் என்று விளங்கவில்லை. எடுத்துக்கொள்கிறேன் என்கிறாரா, பார்க்கலாம் என்கிறாரா, அல்லது வெயில் ஜாஸ்தி என்கிறாரா? அண்ணாச்சியின் வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர் இரக்கப்பட்டு, “புது ஆளா? செத்த நேரம் பொறும். அவிய துப்பட்டும், பொறவு கேளும்” என்றார்.

ராஜபாளையம் மார்க்கெட்டில் மாங்காய் வாங்கி விற்கிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. அண்ணாச்சி வாயில் வெற்றிலையோடு சொன்னால் அது பேச்சு. அதை நம்பி லாரி பிடித்தவன் பாடு அவனோடு. துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, வெறும் வாயோடு சொன்னால் அது வாக்கு. விலை விழுந்தாலும் சரி, பழம் அழுகினாலும் சரி, அப்புறம் மாற்றம் கிடையாது. “வெத்தல வாயில ஆயிரம் பேசுவேன். வெறும் வாயில பேசுனா அது கல்லு” என்பார். அந்தக் கல்லைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். அதனாலேயே வெறும் வாயோடு இருக்கும் நேரத்தைக் கூடியவரை குறைத்து வைத்திருக்கிறார்.

காலையில் பல் தேய்த்த ஈரம் காய்வதற்குள் முதல் வெற்றிலை உள்ளே போய்விடும். சாப்பிட்டுக் கழுவிய கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அடுத்தது. அவர் எம்-எய்ட்டி வண்டியில் போனால் பின்னால் வருகிறவர்கள் சற்றுத் தள்ளியே வருவார்கள். எந்தப் பக்கம் திரும்புவார் என்றும் தெரியாது, எந்தப் பக்கம் துப்புவார் என்றும் தெரியாது. அவர் சட்டைகளைத் துவைத்து அலுத்துப்போன மனைவி ஏசம்மாள், “செகப்புத் துணியாவே எடுத்துத் தச்சிருங்க. எனக்கும் கை மிச்சம்” என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அதற்கும் பதில் ‘உம்’தான்.

வாரத்தில் அவர் வாய் சுத்தமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மட்டும். இதை முதலில் கண்டுபிடித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பழக்கடை வைத்திருக்கும் சீனிச்சாமி. நெற்றி நிறைய நாமத்தோடு ஞாயிறு காலை பஸ் ஏறி வந்து சர்ச் வாசலில் நிற்பார். ஆராதனை முடிந்து சனம் வெளியே வரும்போது, “அண்ணாச்சி, சப்பட்டை மாம்பழம் எம்புட்டுக்குத் தருவீய?” என்று குரல் கொடுப்பார். அண்ணாச்சி வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டு பக்கத்து வாசல் வழியாக நழுவுவார். ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டார். தப்பிக்க வழியில்லாமல் அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்லிவிட்டு, அந்தப் பருவம் முழுக்க அதே விலைக்குச் சீனிச்சாமிக்குப் பழம் அனுப்பினார். ஒரு கூடையிலும் அழுகல் கிடையாது. மாட்டிக்கொண்டாலும் வாக்கு வாக்குதானே.

அவர் கடை வாசலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு செம்புகள் இருக்கும். ஒன்று அவர் கொப்பளிக்க. இன்னொன்று ஏன் வந்தது என்று தெரிய வேண்டுமானால் எண்பத்தொன்பதாம் வருஷத்துத் தேவதானம் தோப்புக்குப் போக வேண்டும்.

பூவைப் பார்த்துத் தோப்பைப் பேசிமுடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மரத்தில் பூ மட்டும்தான் இருக்கும். காயாகுமா காற்றோடு போகுமா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் விலை பேசிவிட்டால் காய்ப்பு மொத்தமும் வியாபாரிக்கு. லாபமோ நட்டமோ அவர் தலையில். அந்தத் தை மாதம் மலையடிவாரத்தில் இருந்த செல்லத்தாயின் தோப்பைப் பார்க்க அண்ணாச்சி போனார். செல்லத்தாய் புருஷனைக் கோயம்புத்தூர் மில் வேலைக்கு அனுப்பிவிட்டுத் தோப்பைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவள். அண்ணாச்சியின் சட்டம் அவளுக்கும் தெரியும். ஒரு செம்பு மோரோடு வந்து நின்றாள்.

“துப்பிட்டுக் குடிங்க அண்ணாச்சி. குடிச்சிட்டுச் சொல்லுங்க.”

துப்பினார். கொப்பளித்தார். மோரைக் குடித்தார். அண்ணாந்து ஒருமுறை பூவைப் பார்த்துவிட்டு, “தோப்பு எனக்கு. பேசுன வெல பேசுனதுதான்” என்றார். தோப்புக் காவல்காரர் பேச்சிமுத்து பக்கத்திலேயே நின்றார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அண்ணாச்சியின் கடைவாயில் பல் விழுந்த பள்ளம் ஒன்று உண்டு. அதில் ஒரு பாக்குத் துண்டைத் துப்பாமல் தங்க வைத்திருந்தார். வாக்குக் கொடுக்கும்போதே நாக்கு நுனியால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முந்தின இரண்டு வருஷமும் காற்றில் அடிபட்டிருந்தார். இந்தத் தடவையும் பூ கொட்டினால், ‘வாய் வெறும் வாயாக இல்லையே’ என்று ஒதுங்கிக்கொள்ள ஒரு சந்து வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் தன் சட்டத்துக்கு அவரே தோண்டிய முதல் பொந்து அது.

பங்குனிக் கடைசியில் சூறைக்காற்று வந்தது. சேத்தூர்ப் பக்கம் அவர் பிடித்திருந்த மற்ற தோப்புகளையெல்லாம் உலுப்பிப் போட்டுவிட்டுப் போனது. ஊறுகாய்க்குப் போன பிஞ்சுதான் மிச்சம். செல்லத்தாயின் தோப்பு மட்டும் மலை மறைவில் இருந்ததால் ஒன்றும் நடக்காதது போல் காய்த்துத் தொங்கியது. எங்கும் மாங்காய் இல்லாததால் விலை இரண்டு மடங்காக ஏறிவிட்டது. கன்னம் புடைக்க வெற்றிலை போட்டுக்கொண்டு, பேச்சிமுத்துவையும் இழுத்துக்கொண்டு, செல்லத்தாய் மார்க்கெட்டுக்கு வந்து இறங்கினாள்.

“அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்க வாயில வெத்தல இருந்துச்சு. அதனால அது வாக்கு இல்ல. தோப்ப நான் தரமாட்டேன்.”

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த மார்க்கெட்டுக்கு அவல் கிடைத்தது. ஆளாளுக்கு வேலையைப் போட்டுவிட்டுக் கூடினார்கள். சரக்கெடுக்க வந்திருந்த சீனிச்சாமி, யாரும் கேட்காமலே நாட்டாமையாகி, பேச்சிமுத்துவை முன்னால் கூப்பிட்டார்.

“ஏலே, நீ சொல்லு. துப்புனாரா, இல்லையா?”

பேச்சிமுத்து செல்லத்தாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “பொய் சொன்னா சோறு எறங்காது. அவிய துப்புனாவ. எம் பெருவெரல்லதான் தெறிச்சுது. பொறவு மோரும் குடிச்சாவ.”

கூட்டம் சிரித்தது. செல்லத்தாய் முறைத்த முறையில் பேச்சிமுத்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். “பெறகென்ன? வெறும் வாய்தான். தோப்பு அண்ணாச்சிக்கு” என்று சீனிச்சாமி தீர்த்துவைத்தார்.

அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருந்தார். மற்ற தோப்புகளில் விட்டதை இந்த ஒரு தோப்புதான் ஈடுகட்ட வேண்டும். இதுவும் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அவர் பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும், வழக்கமான ‘உம்’ ஒன்று போட்டால் அதைவிட உத்தமம். ஆனால் நாக்கு பழக்கதோஷத்தில் கடைவாய்ப் பள்ளத்துக்குப் போனது. பாக்கு என்றைக்கோ கரைந்துபோயிருந்தது. இடம் மட்டும் உறுத்தியது.

எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார். செம்பில் தண்ணீர் மொண்டு கொப்பளித்தார். போதாதென்று இன்னொரு தடவையும் கொப்பளித்தார்.

“வெத்தல இல்ல தங்கச்சி” என்றார். “பாக்கு இருந்துச்சு.”

“என்னது?”

“கடவாப் பள்ளத்துல ஒரு துண்டு. மறந்து கெடக்கல, நானாத்தான் வச்சிருந்தேன். காத்தடிச்சா கழண்டுக்கிடலாம்னு. அது வாக்கு இல்ல. தோப்பு ஒன்னுது.”

சீனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். “இத ஒம்மகிட்ட யாரு கேட்டா அண்ணாச்சி?”

செல்லத்தாய்க்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்தவள் அவள். அந்தப் பொய்யை எதிராளியே வாங்கி உண்மையாக்கிக் கையில் கொடுத்தால் என்ன செய்வது? ஜெயித்த தோப்போடு திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

“நான் ஒண்ணத்தையும் பாக்கல அண்ணாச்சி” என்றாள். “சும்மா சொல்லிப் பாத்தேன்.”

பிறகு அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

“சரி, புதுசாப் பேசுவோம். பழைய வெலையும் வேண்டாம், இன்னைக்கு விக்கிற வெலையும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல. காய் பூராவும் ஒங்களுக்கு. சம்மதமா?”

“சம்மதம்.”

“அப்படியா? வெளிச்சத்துக்கு வாங்க. வாயத் தொறங்க.”

மாங்காய் மார்க்கெட்டின் பெரிய வியாபாரி கடை வாசல் வெயிலில் போய் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். “இன்னும் பெருசா” என்றாள் செல்லத்தாய். குனிந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே பார்த்தாள். கூட்டமும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது.

“சுத்தமா இருக்கு” என்றாள், தன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டே. “நானும் சொல்லுதேன். இனி மாத்தமாட்டேன். பேசுனது பேசுனதுதான்.”

அண்ணாச்சி திறந்த வாயை மூடவில்லை. அப்படியே கையைப் பின்னால் நீட்டிச் செம்பை எடுத்து, பானையில் முக்கி நிறைய மொண்டு, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.