ஏழாம் வாசலின் காவலர்கள்

சவூதிப் பெட்டிக்கென்று ஒரு வாசம் உண்டு. சவர்க்காரமும் தோடம்பழத் தூளும் ஏலக்காயும் புதுப் போர்வையும் ஒன்றரை மாதம் கப்பலில் ஒன்றாகக் கிடந்து, அட்டையை அறுத்த கணத்தில் மொத்தமாக மூக்கில் ஏறும் அந்த வாசத்துக்காகவே, கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் பெட்டி வந்தாலும் அழைக்காமலே போய் நிற்போம். எங்கள் வீட்டுக்கு வந்தது சாச்சியின் பெட்டி. சாச்சி என் உம்மாவின் தங்கை; சவூதியில் ஒரு வீட்டுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய ஒரே மகன் ஹஸீப் எங்களோடுதான் இருந்தான். அவனுடைய வாப்பா வேறு கலியாணம் முடித்துப் போய்விட்டார். அந்த மனிதரைப் பற்றி எழுதி என் பேனையைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, என்னை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஹஸீபுக்கு எட்டு.

போர்வைகளையும் பால்மா டின்களையும் எடுத்த பிறகு, பெட்டியின் அடியில் ஒரு பிஸ்கட் டின் கிடந்தது. அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் நாற்பது பிளாஸ்டிக் படைவீரர்கள், கூடவே அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம். சாச்சி வேலை செய்த வீட்டுப் பையன் விளையாடி அலுத்துப்போனவை. மேசையில் படைகளை நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி அடிபடும் விளையாட்டு அது என்று படங்களைப் பார்த்தே கண்டுபிடித்தோம். எதிரிப் படை பெட்டியில் வராததால் சோடா மூடிகளை எதிரிகளாக்கினோம். உருவப் பொம்மை வீட்டுக்குள் ஆகாது என்று வாப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எல்லோரும் முகம் தெரியாமல் கவசம் போட்டிருப்பதைக் கண்டு கொஞ்சம் இறங்கி வந்தார். "இவனுகளும் நிகாப்தான் போட்டிரிக்கானுகள்," என்று உம்மா சிரித்தார்.

புத்தகத்தை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. வகுப்பிலேயே ஆங்கிலத்தில் நான்தான் முதலாவது என்ற மமதை எனக்கு நிறைய இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, விளங்காத இடத்தில் இருமிச் சமாளித்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். சூரியன்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கும் ஒரு காலம். இருளில் வாழும் பேய்ப்படைகளுக்கும் மனிதர்களுக்கும் நடுவே, விண்வெளியில் ஏழு வாசல்கள். ஏழாவது வாசலைக் காப்பவர்கள் பாதி துறவிகள், பாதி போர்வீரர்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, செத்த தோழர்களின் பெயர்களைக் கவசத்தில் செதுக்கிக்கொள்வார்கள், கொடுத்த வாக்கை மீறினால் தங்கள் புனிதத் தீ சுருங்கிவிடும் என்று நம்புவார்கள். அவர்களை அங்கே இறக்கிவிட்டுப் போன கப்பல், மாற்றுக் காவலரோடு திரும்பி வருவதாகச் சொல்லிப் போயிருந்தது. அதுவரை வாசலை விட்டு ஓரடி நகர்வதில்லை என்பது அவர்களுடைய சத்தியம். ஹஸீப் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான்.

வில்லங்கம் விளையாட்டு விதியில் இருந்தது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னால் அந்தப் படையின் பிரார்த்தனையை மூன்று தரம் சத்தமாகச் சொன்னால்தான் கட்டையில் விழுந்தது செல்லும். "தீயே, எங்கள் தாயே, எங்களைக் கைவிடாதே" என்று நான் அதை அழகான தமிழில் ஆக்கிக் கொடுத்திருந்தேன். ஹஸீப் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழிய மூன்றாம் தரம் அதைக் கத்தியபோது, அசர் தொழுதுவிட்டுத் தொப்பியோடு வாப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நெருப்பக் கும்புடுற படையா? என்ட வீட்டுக்குள்ளயா?" வாப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "கலிமாவச் சொல்லுங்க ரெண்டு பேரும்! அந்தச் சனியன அள்ளிக் குப்பையில கொட்டுங்க!"

அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமாவைச் சொன்னோம். நரகத்து நெருப்பைப் பற்றி ஓதப்பள்ளியில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்து, போதாததற்கு நான் இன்னும் இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஹஸீப் அழுதுகொண்டே டின்னை இழுத்து வைத்துக்கொண்டு, படைவீரர்களை ஒவ்வொருவராக எடுத்து வாயருகே பிடித்து, அவர்களுக்கும் கலிமா சொல்லிக் கொடுக்கத் தொடங்கினான். முதலாமவன், இரண்டாமவன், மூன்றாமவன் என்று நாற்பது பேருக்கும் ஒருவரையும் விடாமல் சொன்னான். குசினியிலிருந்து வந்த உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நாப்பது பேரும் இஸ்லாத்துக்கு வந்திட்டாங்க. இனி எந்தக் கணக்கில நீங்க அவங்கள வெளியில போடுவீங்க?" என்று கேட்டார். வாப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தீ பற்றிய பேச்சு இனி இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு படைக்கு வீட்டில் இடம் கிடைத்தது. நானே பேனையால் அந்த வரியை வெட்டி, "பிஸ்மில்லாஹ்" என்று எழுதினேன். அச்சடித்த புத்தகத்தைத் திருத்திய திமிர் தலைக்கேறியது என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒரு பொய்யைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

சாச்சியின் இரண்டு வருடமும் முடிந்தது. வர வேண்டிய மாதத்தில் தொலைபேசிதான் வந்தது. அந்த வீட்டம்மா பாஸ்போட்டைத் தரவில்லை, இன்னும் கொஞ்ச நாள் நிற்கச் சொல்கிறா என்றார் சாச்சி. எத்தனை நாள் என்று அவருக்கே தெரியவில்லை. ஹஸீப் அழவில்லை. புத்தகத்தைக் கொண்டு வந்து என் மடியில் வைத்து, "கடைசிப் பக்கத்த வாசிங்க ராத்தா, அந்தக் கப்பல் வந்திச்சா?" என்று கேட்டான்.

கடைசிப் பக்கத்தை நான் முன்பே வாசித்திருந்தேன். கப்பல் வரவில்லை. முந்நூறு வருடம் காத்திருந்து கடைசி ஆள்வரை அத்தனை பேரும் அங்கேயே உயிர்விட்டு மௌத்தாகிவிட்டார்கள். அதனால்தான் அவர்கள் புனிதர்கள் என்று முடிந்திருந்தது. நான் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "ஓம், வந்திச்சு. ஆரும் நகராம நிண்டதாலதான் வந்திச்சு," என்றேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான் அந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தேன்.

அது வினையாகப் போயிற்று. மறுநாளிலிருந்து ஹஸீப், வளவு வேலியில் வாசலாக இருந்த கடப்பை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டான், கடற்கரைக்கு வரமாட்டான், சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கடப்படிக்குக் கொண்டுபோவான். "நான் போனா உம்மா வரமாட்டா" என்ற ஒரே பேச்சு. வாப்பா ஏசினார், உம்மா கெஞ்சினார், ஓதிப் பார்த்துத் தண்ணீரும் கொடுத்தார்கள். காரணம் தெரிந்த நான் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு யாருடைய கண்ணூறோ பட்டுவிட்டது என்று உம்மா அழுதபோதும் சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

பத்தாம் நாள் காலை, வெயிலில் கறுத்துப்போய் நின்றவனிடம் போய் உண்மையைச் சொன்னேன். கப்பல் வரவில்லை, எல்லோரும் மௌத்து, நான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து, அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் அடிக்கவில்லை. கடப்புக் கட்டையைச் சுரண்டிக்கொண்டே, "அப்ப, அவங்க நிண்டும் வரல்லியா?" என்று கேட்டான்.

"வரல்ல."

"நிண்டாலும் நிக்காட்டியும் ஒண்டுதானா?"

"ஓம் தம்பி."

"பொத்தகம் எழுதினவர் அவசரப்பட்டிரிப்பாரு ராத்தா," என்றான். "எழுதி முடிச்சாப் பொறகு கப்பல் வந்திரிக்கும்." சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவி, பள்ளிக்கூட உடுப்பைத் தேடினான்.

ஏழு மாதம் கழித்து சாச்சி வந்தார். டிக்கட் திடீரென்று கிடைத்ததால் சொல்லாமல் கொள்ளாமல் வேன் வந்து நின்றது. கடப்படியில் யாருமே இல்லை. ஹஸீப் கடற்கரையில் கிரிக்கட் விளையாடிக்கொண்டிருந்தான். சாச்சி வீட்டுக்குள் காலே வைக்காமல் அபாயாவோடு மணலில் நடந்து போய், இத்தனை பிள்ளைகளுக்குள் தன் பிள்ளை எது என்று தெரியாமல் தடுமாறி நின்றார். பந்தெறிய ஓடி வந்தவன் பாதியில் நின்றான்; பிறகு பந்தைப் போட்டுவிட்டு ஓடினான். சாச்சியின் பின்னால் ஓடி வந்த நானும் அழுதேன், துடுப்போடு நின்ற பையனும் ஏனென்று தெரியாமல் அழுதான்.

இப்போது அந்த வளவில் இரண்டு மாடி வீடு நிற்கிறது. கடப்பு இருந்த இடத்தில் இரும்புக் கேற். படைவீரர்கள் ஒவ்வொருவராகத் தொலைந்து போனார்கள், புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது, பெட்டி வந்தால் கூடும் பிள்ளைக் கூட்டமும் இல்லை. ஹஸீப் கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். சாச்சி அவனோடுதான் இருக்கிறார். போன பெருநாளன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தனை சாமான் இருக்க அந்த டின்னை ஏன் பெட்டியில் போட்டார் என்று சாச்சியிடம் கேட்டேன்.

"வீட்டம்மா குப்பையில போடச் சொன்னா," என்றார் சாச்சி. "என்ன ஏதெண்டு எனக்கு எங்க புள்ள விளங்கிற? கையில கத்தி கித்தியோட நிண்டானுகள். என்ட புள்ள அங்க தனியக் கிடக்கானே, இவனுகளாவது போய்ப் பக்கத்தில நிக்கட்டும் எண்டு போட்டன்."