பச்சை விளக்கு நிற்கும்வரை

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறொருவர் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில், கப்பல் துறைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை. மெமரி கார்டில் படம், பாட்டு ஏற்றிக் கொடுப்பேன். தெற்கே தீவுகளில் நெட் சரியாகக் கிடைக்காது, அதனால் கப்பல் ஏறுகிறவர்கள் கார்டை நிரப்பிக்கொண்டுதான் போவார்கள். எல்லோருக்கும் அவசரம். ஆனால் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தாலும் நான் கார்டை உருவ மாட்டேன். உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். கார்டு செருகுகிற பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குவது நின்றால்தான் எடுப்பேன், இல்லையென்றால் ஏற்றியது எல்லாம் போய்விடும்.

அன்று மத்தியானம் நல்ல மழை. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிற ராசம்மா அக்காவும் அவர் தம்பி முருகேசுவும் வந்தார்கள். அக்கா ஒரு கார்டை எடுத்து வைத்தார். அதில் உப்புக்கறை.

"இதுக்குள்ள எங்க புள்ள இருக்கான் தம்பி. போன வருசம் படகு கவுந்து போயிட்டான். அவன் எடுத்த வீடியோ, அவன் குரலு, எல்லாம் இதுலதான். வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட."

கம்ப்யூட்டர் அந்தக் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கார்டிலிருந்து கார்டுக்கு நேராக ஏற்றுகிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், அது மட்டும் கண்டுகொண்டது. ஆனால் பழைய கார்டு கொஞ்ச நேரத்தில் சூடாகித் தொடர்பு அறுந்துவிடுகிறது. அது சூடாவதற்குள் புதுக் கார்டு எழுதி முடிக்க வேண்டும். சாதாரணக் கார்டில் கால்வாசிகூட ஏறவில்லை. கடையிலேயே வேகமான கார்டைப் பிரித்துப் போட்டேன், பாதியில் நின்றது. ஒவ்வொரு தடவையும் பழைய கார்டு முன்பைவிடச் சீக்கிரம் சூடானது. இன்னும் ஒரு தடவை தாங்குமா என்பதே சந்தேகம்.

"பையா, ஜல்தி பண்ணுங்க. ஜகாஜ் என்ன நம்ம மாமன் வீட்டுதா, காத்துக்கிட்டு நிக்க?" என்றான் முருகேசு. எங்கள் பக்கம் அண்ணன் என்றால் பையா, கப்பல் என்றால் ஜகாஜ்.

"நீ வாய மூடுடா. அவரு செய்றாருல்ல" என்றார் அக்கா.

மேசை இழுப்பறையில் ஒரு சாம்பல் நிறக் கார்டு கிடந்தது. மேலே ஒரு எழுத்தும் இல்லை. யார் விட்டுப்போனது என்று தெரியாது. வேறு வழியில்லாமல் அதைப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், நான் கையை எடுப்பதற்குள் முடிந்தது என்று திரையில் வந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. போலிக் கார்டுகள் அப்படித்தான். வீடியோவின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வேகமாக முடிந்ததுபோல் காட்டும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்குள் பழைய கார்டில் தீய்ந்த வாடை. உருவி எடுத்தேன், செத்துப்போயிருந்தது. ஆனால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டிய கார்டே இல்லாதபோது எங்கிருந்து எடுத்து எழுதுகிறது?

"முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கே, உருவுங்க பையா. கப்பல விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"இன்னும் எழுதுது" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது. அக்கா தம்பியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

விளக்கு நின்றதும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். எல்லா வீடியோவும் ஓடியது. பையன் சிரிக்கிறான், வலை இழுக்கிறான், அம்மாவைக் கேலி செய்கிறான். அக்கா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் இருந்த ஒன்றில் மட்டும் ஆள் முகம் இல்லை. யாரோ கேமராவைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தபடி ஒரு வீட்டைச் சுற்றி நடக்கிறார்கள். வீட்டின் மேல் பளபளவென்று சிவப்புத் தகரம்.

முருகேசு எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, இது நம்ம வீடு. அந்தத் தகரத்த போன மாசந்தானே மாட்டுனோம்?"

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவன் சீட்டிதான்டா" என்றார்.

நான் முருகேசுவைத்தான் சந்தேகப்பட்டேன். அக்காவை ஆறுதல்படுத்த அவனே எடுத்து வைத்திருப்பான் என்று நினைத்தேன். ஆனால் சாம்பல் கார்டு என் இழுப்பறையில் கிடந்தது. அவன் அதைத் தொடவே இல்லை. சாம்பல் கார்டை எடுத்துக்கொண்டு, மழையில் ஓடிப்போய்க் கப்பலைப் பிடித்தார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தார். "தம்பி, அந்தக் கடைசி வீடியோ நீண்டிருக்கு. நேத்து ஆடு போட்ட குட்டியும் அதுல இருக்கு." அக்கம்பக்கத்துப் பையன்கள் விளையாட்டாகச் செய்திருப்பார்கள், கார்டைப் பூட்டி வையுங்கள் என்றேன். பூட்டித்தான் வைத்திருக்கிறேன் என்றார்.

நான் அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அவர் போன் செய்வதற்கு முன்னால், கார்டு ஒன்றும் இல்லாமல் இருந்த என் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. அடுத்த தடவை வீடியோ நீண்டபோதும் அப்படியே, விளக்கு முதலில், போன் பிறகு. நான் கரண்டைப் பிடுங்கி, பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

இன்று காலையில் அந்தத் துணிக்குள் பச்சையாகத் தெரிந்தது. அக்கா வீட்டில் நடக்கிற எதையோ எழுதுவதுபோல் வழக்கத்தைவிட வேகமாக மினுக்குகிறது, இன்னும் நிற்கவில்லை. அக்காவும் இன்னும் போன் செய்யவில்லை.