வராத வெள்ளம்

ஆற்றில் கையை விட்டு, நனைந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். மண்வாசனை இல்லை. “சரி, போங்க. தனித்தனியாப் பிரியாதீங்க. தண்ணி கலங்குச்சுன்னா போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காம மேட்டைப் பாத்து ஏறுங்க” என்று சுற்றுலாக் கூட்டத்துக்கு வாசல் கயிற்றை அவிழ்க்கிறாள்.

கடலோரப் பூங்காவின் கடைக்கோடி அது. மலையைப் பிளந்துகொண்டு ஆறு கடலுக்கு இறங்கும் இடுக்கு. இரு பக்கமும் செங்குத்துப் பாறை. உள்ளே போன் எடுக்காது. இங்கே வெயில் மண்டையைக் காய்ச்சும்போதே, எங்கோ மலைமேல் பெய்த மழை வெள்ளமாகி, சுவர்போல வந்து நிற்கும். அந்த வாசலில்தான் அவளுக்குக் காவல் வேலை. ஜீப் ஓட்டுபவர்கள் வைத்த பெயர் ‘முட்டுக்கட்டை’. “சிரிச்ச முகமா இருங்கம்மா, புகார் வருது” என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள். சிரித்துப் பார்த்தாள். அதற்கும் புகார் வந்தது.

“எனக்கு மட்டும் என்ன ஜோசியமா தெரியும்? பயம் தெரியும், அவ்வளவுதான்” என்பாள்.

மகளுக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை தன் அலுவலக நண்பர்களோடு வந்திறங்கினான். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் தண்ணீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன; லேசான மண்வாசனை வேறு. “இன்னிக்கு வேணாம் மாப்பிள்ளை” என்றாள். “நாங்க என்ன பச்சைப் பிள்ளைங்களா அத்தை?” என்று சிரித்தான். “மாமியார்கிட்டயே உன் பேச்சு செல்லாதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்தான். அவள் எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது. கூட்டம் முழுக்கப் பார்த்தது.

அவர்கள் உள்ளே போகவில்லை. வீம்புக்கு மணலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

மறுநாள் மகள் போனில் சொன்னது இவ்வளவுதான்: “தண்ணி வந்திருந்தாலாவது நான் அவருக்குப் பதில் சொல்லியிருப்பேன்ம்மா.”

அதன்பின் மாப்பிள்ளை அவள் வாசலை மிதிக்கவில்லை. மகளையும் மிதிக்க விடவில்லை. பேத்தி பிறந்த செய்தியே ஊர் சுற்றித்தான் வந்தது.

“சில நேரம் தோணும், ஒரே ஒரு தடவை அது வந்து காட்டிட்டுப் போகட்டுமேன்னு. நினைச்ச உடனே வாயில அடிச்சுக்குவேன். உள்ள யார் பெத்த பிள்ளை நிக்குதோ!” இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன விடுமுறைக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, மகள், நடுவில் மூன்று வயதுப் பேத்தி. மாப்பிள்ளை மாமியாரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு காவலரிடம், “உள்ள போகலாமா சார்?” என்றான். காவலர் அவளைப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சரி என்று தலையை ஆட்டினாள். மகள் குனிந்த தலை நிமிராமல் கடந்துபோனாள்.

அவர்கள் திரும்பும்வரை அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றாள். திரும்பினார்கள், முழங்கால்வரை நனைந்து, சிரித்துக்கொண்டு. “பாத்தியா? ஒண்ணுமே இல்ல. இதுக்குப் போயி அன்னைக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்றான் மாப்பிள்ளை மகளிடம், அவள் காதில் விழும்படி.

கார் கிளம்பியது. குழந்தைகள் யாரைப் பார்த்தாலும் செய்வதுபோல, பின்கண்ணாடி வழியாக அந்தச் சின்னது கையாட்டியது. அவள் கையும் தானாக உயர்ந்தது. அதற்குள் முன்சீட்டிலிருந்து மகள் திரும்புவது தெரிந்தது. உயர்ந்த கையை அப்படியே பக்கவாட்டில் வீசி, பின்னால் வந்த வண்டிக்கு, “போ, போ” என்று வழிகாட்டத் தொடங்கினாள். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.